சாயப்பட்டறைத் தண்ணீரில் வெந்த பருப்பு

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, குருவிகுளத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போனேன். கோயிலுக்கு அல்ல, ஒரு சாயப்பட்டறையைப் பார்க்க. அதன் முதலாளி இன்னொரு பட்டறை போட எங்கள் கிணற்றை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். நூலுக்கு உப்புப் போட்டுச் சாயம் ஏற்றிய தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்களாம், ஒரு சொட்டு வெளியே போகாதாம். என் மகன் கணேசன் நம்பிவிட்டான். நிலம் என் பேரில் இருக்கிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் நேரில் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டவள் இல்லை.

கணேசனையும் கூட்டிக்கொண்டேன். காலை எட்டு மணி பஸ், முக்கால் மணி நேரப் பயணம். பையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும் ஊறவைத்த துவரம்பருப்பும். தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் உப்பாக இருந்தால் பருப்பு வேகாது. எங்கள் பக்கம் சமைக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தோம். "அந்தப் பட்டறையில யாருக்கு ஆச்சி வேலை கேக்கப் போறீக?" என்றார் டிரைவர். எனக்குத்தான் என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வாசலிலேயே சூப்பர்வைசர், சுத்தம் செய்த தண்ணீரை டம்ளரில் நீட்டினார். தயாராக வைத்திருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. தொட்டியில் மீன் வேறு விட்டிருந்தார்கள். நான் மீன் பார்க்கப் போகவில்லை. குழாயைக் காட்டச் சொல்லி நானே பிடித்தேன். தொழிலாளர்களுக்கு டீ போடும் அடுப்பில் அந்தத் தண்ணீரில் பாதிப் பருப்பு, என் கிணற்றுத் தண்ணீரில் பாதி.

அவர்கள் பருப்பு குழைந்துவிட்டது. என்னுடையது முத்து முத்தாக அப்படியே கிடந்தது.

"ஒங்க கிணறுல்லா தோத்துப் போச்சு ஆச்சி" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கிணற்றுத் தண்ணீரில் நான் சமைத்ததே இல்லை. வயலுக்கு மட்டும்தான். அது எப்போது இப்படி ஆனது என்று தெரியவில்லை.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுலருந்து எடுத்த உப்பு எங்கன இருக்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனார். வெயிலில் காயும் சிமெண்டுப் பாத்திகள். சாயம் கலந்த உப்பு, கருநீலச் சேறாகக் கிடந்தது. சுவர் முழங்கால் உயரம். அதற்கு அப்பால் யாரோ ஒருவரின் சோளக்காடு.

"மழை பெஞ்சா?"

"தார்ப்பாய் போட்டு மூடிருவோம்."

"அதைக் காட்டுங்க."

தார்ப்பாய் முன்வாசலில், லாரிக்குக் காத்திருந்த நூல் மூட்டைகளின் மேல் கிடந்தது.

திரும்பும் பஸ்ஸில் கணேசன் மெதுவாக ஆரம்பித்தான். "எம்மா, நம்ம கிணறுதான் ஏற்கெனவே உப்பாயிட்டே. இனி என்ன கெட்டுரப் போகுது?"

"அதனாலதாம்லே. இன்னும் ஒரு பிடி உப்பு விழுந்தா வயலும் போயிரும்."



உங்களிடமும் நிலம் கேட்டு வந்தால் ஊறவைத்த பருப்பு கொண்டுபோங்கள். அதோடு திரும்பிவிடாதீர்கள், உப்பு எங்கே கிடக்கிறது என்றும் பாருங்கள். கூடவே உங்கள் கிணற்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் போனால் எல்லாப் பட்டறையும் நல்ல பட்டறைதான். ஐப்பசியில் நல்ல மழை பெய்கிற அன்று, சொல்லாமல் இன்னொரு முறை போகப்போகிறேன். அந்த மழையில் தார்ப்பாய் நூலின் மேல் கிடக்கிறதா, உப்பின் மேல் கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்தைப் பற்றிப் பேச்சு.