ஏறாத தண்ணீர்

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. என் வீட்டுக்காரருக்குத் திட்டம் போட உட்கார்ந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அங்கே மூட்டைகளில் குறி போடும் சாக்பீஸ் துண்டு ஒன்று எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும். ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் அதை எடுத்துத் தரையில் கோடு இழுக்க ஆரம்பித்தார். இது தடா ஸ்டேஷன், இதுவரை பாசஞ்சர் வண்டி. இங்கிருந்து பஸ். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஓடையோரமாக நடை, வழியெல்லாம் பாறைக்குழிகளில் தெளிந்த தண்ணீர், கடைசியில் அருவி. நான் அப்போதுதான் துடைத்து வைத்திருந்த தரை அது.

அத்தையைக் கூட்டிப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். அத்தை, அதாவது அவருடைய அம்மா, எங்களோடு ராயபுரத்தில் கடலுக்கு ஒரு தெரு தள்ளித்தான் இருந்தார். ஆனால் மாமனாரின் கட்டுமரம் திரும்பி வராத நாளிலிருந்து தண்ணீரில் கால் வைத்ததில்லை. மீன் விற்றுத்தான் மகனை வளர்த்தார். அந்த மீனையும் ரோட்டு மேலேயே நின்று வாங்குவாரே தவிர மணலில் இறங்க மாட்டார். அம்மா ஒரு தடவையாவது பயமில்லாமல் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று இவர் ஏங்குவது எனக்குத் தெரியும். அந்த ஏக்கத்துக்காகவே இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அத்தை கோட்டைப் பார்த்தார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“அங்க தண்ணி எப்போ ஏறும்?”

மலையில் தண்ணீர் ஏறாது, கீழே இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும் என்று இவர் மலையை வரைந்து காட்டினார். அத்தை மசியவில்லை.

“ஏறாத தண்ணி எங்கனா கீதாடா?”

பாதி நிலா நாட்களில் கடல் அதிகம் ஏறாது என்பது எங்கள் கடற்கரைக்காரர்களின் கணக்கு. ஆகவே அருவிக்கும் பாதி நிலா அன்றுதான் போக வேண்டும் என்று அத்தை தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அதோடு மாட்டிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும், சர்ச்சில் முதல் பூசை பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், இவருக்குக் கப்பல் வேலை வரக் கூடாது, நிலாவும் பாதியாக இருக்க வேண்டும். எல்லாம் கூடி வருவதற்குள் இரண்டு முறை புளிசாதம் கட்டி, இரண்டு முறையும் வீட்டிலேயே உட்கார்ந்து தின்றோம். அருவிக்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் எகிறினேன். “அம்மா வரேன்னுதே, அதப் பாரு” என்று இவர் என்னை அடக்கினார்.

ஒருவழியாக மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு அமைந்தது. ரயிலும் பஸ்ஸும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். அருவிக்குக் கீழே பெரிய குளமாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அத்தை ஒரு கல்லைப் பொறுக்கி, தண்ணீர் தொடும் ஓரத்தில் வைத்தார். தள்ளிப் போய்ப் பாறையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அருவியில் நின்று கும்மாளம் போட்டோம், சாப்பிட்டோம், மறுபடியும் குளித்தோம். கையில் கொடுத்த புளிசாதத்தை அவர் கல்லைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார்.

வெயில் தணிந்தபோது அத்தை எழுந்து வந்தார். கல்லின் மேல்பக்கம் காய்ந்துதான் இருந்தது. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு மற்றதையும். இடுப்பளவு போனதும் மகன் பக்கம் திரும்பினார்.

“ஏறலடா நைனா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது, அதை விட்டால் வண்டியையும் பிடிக்க முடியாது என்று நான்தான் நினைவுபடுத்தினேன். வண்டி நேரத்தைத் தரையில் எழுதிப் போட்டு எங்களை மனப்பாடம் செய்ய வைத்தவர் இவர்.

“பஸ்ஸு போனா போவுது, அம்மா நிக்கட்டும்” என்று சொல்லி, ஈரச் சட்டையோடு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.