மூன்றாம் முடிச்சுக்கு வராத மேளம்

என் மூத்த மகள் கல்யாணத்துக்கு மேளக்காரர்கள் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். யார் மேலும் பழி போட வழியில்லை.

எழுபதுகளின் கடைசி அது. செர்டாங் டவுன் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு அப்போதுதான் மின்சாரம் வந்திருந்தது. கப்பலில் வேலை பார்த்த என் மனைவியின் தம்பி, அமெரிக்கத் துறைமுகத்தில் வாங்கிய இசைத்தட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"மச்சான், அங்க கரண்டு நூத்திப்பத்து, இங்க இருநூத்தி நாப்பது. நேரா சொருகிடாதீங்க, புகைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டான். அவன் சொன்னபடியே கரண்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரும் வாங்கினேன். அந்தப் பெருமையில், கூலிமிலிருந்து வரவேண்டிய மேளக்காரருக்கு, "வேணாம்ணே, பெரிய வித்வான் வாசிச்ச தட்டுக்கே சொல்லியாச்சு" என்று சொல்லியனுப்பினேன். அவர் அந்த முகூர்த்தத்துக்கு வேறு வீட்டை ஒப்புக்கொண்டுவிட்டார்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது சொல்லிவைத்த கல்யாண மேளத் தட்டு வந்து சேர்ந்தது. பெட்டிக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, முள்ளை வைத்தேன். நாதஸ்வரம் இழுத்து இழுத்து அழுதது. தவில் ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்து அடித்தது.

அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். "யாரு வீட்ல சாவு?"

வேகத்தை மாற்றும் குமிழை அடுத்த எண்ணுக்குத் திருப்பினேன். இப்போது நாய் துரத்துவதுபோல ஓடியது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

பெட்டியைச் சைக்கிளில் கட்டி டவுன் ரேடியோக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, டிரான்ஸ்பார்மர் கரண்ட கொறைக்கும், அவ்ளோதான். அமெரிக்காவுல கரண்டு செகண்டுக்கு அறுபது தடவ துடிக்கும். இங்க அம்பதுதான். இந்த மோட்டாரு அந்தத் துடிப்ப வச்சுத்தான் சுத்துது. மெதுவாத்தான் சுத்தும் லா."

"அம்பத அறுபதாக்க முடியாதா?"

"அதுக்கு நீங்க அமெரிக்காவுலதான் கல்யாணம் வைக்கணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் வேறு யாரிடமும் இசைத்தட்டுப் பெட்டி கிடையாது. வீடு வந்து சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து, "அப்பனே, ஒரு நாள், ஒரே ஒரு நாழிகை இத ஒழுங்கா ஓட வை" என்று வேண்டினேன். மறுநாளும் அழுதது. மனைவிதான் முடிவாகச் சொன்னாள்: "எழவு மேளத்துக்கு அவசர மேளமே மேல். ஓட விடுங்க."

கல்யாணத்தன்று தோட்டத்துக் கோயிலுக்குக் கம்பி இழுத்து, பெட்டியை மணிக்குப் பக்கத்தில் வைத்தேன். பூசை செய்யும் பண்டாரம் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். தட்டின் கடைசியில் இருந்த கெட்டிமேளத்தில் முள்ளை வைத்தேன். தவில் தலைதெறிக்க ஓடியது.

"என்னா சம்பந்தி, மேளம் பஸ்ஸு புடிக்கப் போவுதா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. கூட்டம் சிரித்தது.

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். அவருடைய அக்காள் இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதுக்குக் கயிறு அவள் விரலில் வழுக்கியது. மேளக்காரராக இருந்தால் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இன்னும் அடித்திருப்பார். தட்டுக்குக் கண் ஏது? கெட்டிமேளம் முடிந்து, முள் வெறுமனே 'கரக், கரக்' என்று தேய்ந்தது.

"அடிங்க! அடிங்க!" என்று பண்டாரம் கத்தினார். எதை அடிப்பது? முள்ளைத் தூக்கிப் பின்னால் வைக்கப் போனேன். அவசரத்தில் அது தட்டைக் கீறிக்கொண்டு போனது. அப்படியே விட்டுவிட்டு, திரும்பி, மணிக்கயிற்றைப் பிடித்துப் பைத்தியக்காரன்போல் இழுத்தேன். பின்னால் பெண்கள் குலவையிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது எல்லாரும் அட்சதை போட்டு முடித்திருந்தார்கள்.

மூன்றாம் முடிச்சு விழுந்ததை நான் பார்க்கவில்லை. பெற்றவன் பார்க்க வேண்டியதை, ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டித் தவறவிட்டேன்.

பிறகு ஒருநாள் மகளிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவள் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். "மூணும் இருக்குப்பா. எண்ணிக்கிங்க."

எண்ணினேன். இருந்தாலும், வெள்ளிக்கிழமை கோயில் மணியை இழுக்கும்போதெல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இழுக்கிறேன்.