வேலம்மாக்காவின் குழாய்க் கிணறு

பர்மாவின் ஷ்வேப்யிதாவில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்தது வேலம்மாக்காவின் டீக்கடை. 2003இல் குடிதண்ணீருக்காக முற்றத்தில் குழாய் இறக்கினார். மறுநாளே தண்ணீர் தானாகப் பீறிட்டுக் கூரைக்கு மேல் எழுந்தது, பிறகு அடங்கியது. அடுத்து எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் காத்திருந்து டீ குடித்தார்கள். கணவர் இறந்தபின் படுத்துவிட்ட கடை அதனால்தான் நிமிர்ந்தது.

பர்மியர்கள் நட் தெய்வத்துக்குத் தேங்காயும் வாழைப்பழமும் வைத்தார்கள். நம்மவர்கள் குழாய்க்கு மஞ்சள் பூசி, கங்கையம்மன் என்றார்கள்.

அதே தெருவில் வளர்ந்த நான் வெளிநாடுகள் சுற்றிவிட்டுத் திரும்பிய மழைக்காலத்தில் அது வெகுநாளாகப் பொங்கவில்லை. கூட்டமும் இல்லை. ஒரு தேசியப் பூங்காவில் இப்படி நினைத்தபோது பொங்கும் வெந்நீர் ஊற்றைப் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டி யாரையும் அண்டவிடமாட்டார்கள். இங்கே குனிந்து பார்த்தேன். உள்ளே கொதிப்பதுபோல் குமிழிச் சத்தம். குழாயோ சில்லென்றிருந்தது. மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"அந்தச் சத்தம் நின்னாத்தான் ஆத்தா பொங்குவா" என்றார் அக்கா.

"ஆத்தா இல்லக்கா, வாயு. அதுதான் தண்ணியத் தள்ளுது. அடுப்ப எட்ட வைங்க."

"ஊர் ஊராப் போயி பயத்தத்தான் வாங்கியாந்தியா? ஒரு சேலை வாங்கியாரத் தோணல! சாயங்காலம் சூடம் காட்டப் போறேன்."

"சூடம் மட்டும் வேணாங்க்கா."

"சூடம் இல்லாம என்ன பூசை? பேசாம நில்லு."

சாயங்காலம் சூடத்தை ஏற்றி, தட்டைக் குழாய்க்கு நேரே நீட்டினார். சூடம் தொடவேயில்லை. குழாய் வாயில் நீலமாகத் தீ பிடித்தது. முழங்கை வரை அவர் ரோமம் பொசுங்கியது.

"ஆத்தா ஜோதியா வந்துட்டா!" என்று அலறிய பக்கத்து வீட்டு தேவராஜ், தெருவைக் கூட்டிவர ஓடினார்.

அக்கா கையை முகர்ந்து பார்த்தார். வெளுத்த முகத்தோடு என்னிடம் திரும்பினார். "பாப்பா, அடுப்பத் தூக்கு. சீக்கிரம்."

கங்கு சிதறச் சிதற அடுப்பைத் தெருமுனைக்குக் கொண்டுபோனோம். திரும்பியபோது தேவராஜின் பின்னால் தெருவே வந்துகொண்டிருந்தது. கைக்குக் கை தட்டு, தட்டில் எரியும் சூடம்.

அக்கா ஓடிப்போய் வாசலில் கைகளை விரித்து நின்றார். "வராதீங்க! உள்ள வந்தா எரிஞ்சு போவீங்க! போயிருங்க!"

தேவராஜ் கண்ணில் நீர் தளும்பியது. "அக்காமேல ஆத்தா எறங்கிட்டா" என்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, விரித்த கையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மற்றவர்களும் அப்படியே கும்பிட்டுக் கும்பிட்டு நுழைந்தார்கள்.

முற்றத்தில் நீலத் தீ அணைந்திருந்தது. குமிழிச் சத்தமும் நின்றிருந்தது.