பல்லில் கடித்த பனையேறி மீன்

என் நாத்தனார் கணவர் வில்லியனூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். வஞ்சிரத்தைத் தவிர வேறெதையும் மீன் என்றே ஒப்புக்கொள்ளாத மனிதர். கோடையில் கரையாம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், வற்றிய ஏரியில் என் கணவர் பனையேறி மீன் பிடிப்பதைப் பார்த்து, "இன்னா மச்சான், இந்தச் சேத்து மீன மனுசன் துன்னுவானா?" என்று சிரித்தார்.

பிறகு, இதென்ன பெரிய வித்தையா என்று அவரே சேற்றில் இறங்கினார். ஒரு மீனைப் பிடித்தும் விட்டார். கூடை கரையில் நின்ற என்னிடம் இருந்தது. கேட்கட்டுமே என்ற இளக்காரத்தில் நான் நீட்டவில்லை. காலடியில் இன்னொன்று துள்ளியதும், கையிலிருந்ததைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார்.

உயிருள்ள மீன் வழுக்கித் தொண்டைக்குள் போய், செவுள் முள்ளை விரித்துக்கொண்டு சிக்கிவிட்டது. அவர் முகம் கறுத்தது.

"வாய மூடாதீங்க மாமா!" என்று கத்திய என் கணவர், மீன் மேலும் இறங்காமல் வாலைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் மீனை எடுத்துவிட்டார்.

பேச்சு வந்ததும் நன்றி சொல்வார் என்று பார்த்தால், "மீனு சரியில்ல" என்றார்!

ஆனால் கூடையை நீட்டாதது என் தப்பு. இப்போது யார் ஏரியில் இறங்கினாலும் இடுப்பில் பை கட்டித்தான் அனுப்புகிறேன். அவரை மட்டும் இறங்கவே விடுவதில்லை. வந்தால் பனையேறிக் குழம்பு வைக்கிறேன். என்னையே முள் எடுத்துத் தரச் சொல்லி, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிடுகிறார்.