பாடாமல் இருக்கும் உரிமை

குளியலறைக்குள் யாராவது பாடினால் நான் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க மாட்டேன். எங்கள் வீட்டுக் கதவு நல்ல கதவுதான். உள்பக்கம் கொண்டி போட்டால் யாராலும் திறக்க முடியாது. இருந்தாலும் பாட்டுச் சத்தம் கேட்டதும் என் கால்கள் தாமாகவே பின்னால் போய்விடும். போன கிழமை மகள் உள்ளே பாடிக்கொண்டிருந்தாள். நான் துவாயும் கையுமாகப் பின்வாங்கிப் போய், மேசையில் அவள் விரித்து வைத்திருந்த பிரிஸ்டல் போர்டில் முட்டிக்கொண்டேன். ‘அடிப்படை மனித உரிமைகள்’ என்று பெரிதாக எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டிருந்தாள். பக்கத்தில் மூடி போடாத மார்க்கர் பேனா. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு எல்கடுவ ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு எல்கடுவ என்றால் தேயிலையும் பனியும் ஞாபகம் வரும். எனக்கு மார்க்கர் பேனாவும் கக்கூசும்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

“உம்மா, இந்த உரிமை எல்லாம் யாரு தாரது?”

“யாரும் தாரதில்ல மகள். பொறக்கும்போதே நம்மகிட்ட இருக்கு.”

“இருக்கிறத ஏன் எல்லாரும் கேட்டுச் சண்டை பிடிக்கிறாங்க?”

“முதல்ல தலையை ஒழுங்காத் துவட்டு” என்றேன். பதில் தெரியாத உம்மாமார் எல்லாரும் சொல்வதுதான்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த காலத்தில், மாத்தளை டவுனில் ஒரு சின்ன நிறுவனம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உரிமைகளைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஆள் தேடியது. தமிழும் சிங்களமும் தெரிந்தால் போதும் என்றார்கள். வாப்பாவின் கராம்புக் கடையில் கணக்குப் பார்ப்பதிலிருந்து தப்பினால் போதும் என்று நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் உரிமை என்ற சொல் காணித் தகராறில் மட்டும்தான் வரும். எனக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பேச வந்தவர் அவ்வளவு உருக்கமாகப் பேசினார், நான் அழுதே விட்டேன். மறுநாள் யோசித்தால் எதற்கு அழுதேன் என்று ஞாபகமில்லை. கையில் ஒரு படச் சுருளும் ஒரு பெட்டி மார்க்கர் பேனாவும் கொடுத்து, எல்கடுவத் தோட்டத்துக்கு வேனில் ஏற்றிவிட்டார்கள்.

தோட்டத்துக்கு வெளியிலிருந்து வேன் வந்தால் ஏதோ சாமான் கொடுக்கத்தான் வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நாங்கள் இறங்கியபோது, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் பைகளோடு வந்து நின்றார்கள்.

“என்னா கொண்டாந்திருக்கீங்க டீச்சர்?”

“உரிமைகளைப் பத்திச் சொல்ல வந்திருக்கோம்.”

“அத வாங்க அட்ட கொண்டு வரணுங்களா?”

நிவாரணத்துக்கு வைத்திருக்கும் அட்டையைத்தான் அந்த அக்கா கேட்டார். தேவையில்லை என்றதும் பாதிப்பேர் போய்விட்டார்கள். அட்டை இல்லாமல் கிடைக்கிற சாமான் எப்படி நல்ல சாமானாக இருக்கும்?

வகுப்பு பெரட்டுக்களத்தில் நடந்தது. காலையில் தொழிலாளர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்து வேலை வாங்கிப் போகும் இடம் அது. வட்டமாக உட்காருங்கள் என்று நான் சொன்னாலும் பிள்ளைகள் அந்த இடத்தில் கால் வைத்ததுமே வரிசையாகிவிடுவார்கள். படச் சுருளில் ‘இருப்பிட உரிமை’ என்று ஒரு வீடு வரைந்திருந்தது. சிவப்புக் கூரை, பூச்செடி, கண்ணாடி ஜன்னல். “இது தொர பங்களாங்களா டீச்சர்?” என்று கேட்டார்கள். இல்லை, உங்கள் வீடு என்றேன். அவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். வழி தெரியாமல் வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

வகுப்புக்கு வந்திருந்த யோகேஸ்வரியை நான் நெருங்கியது அன்றைக்கு மத்தியானம்தான். எனக்கு அவசரமாகக் கக்கூசுக்குப் போக வேண்டியிருந்தது. கொஞ்சம் வளர்ந்த பெண்பிள்ளை என்பதால் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். கூட்டிக்கொண்டு போனவள் பாதி வழியில் நின்று, “டீச்சர், பாடத் தெரியுங்களா?” என்றாள்.

லயத்துக்குக் கீழே, நடைபாதையைப் பார்த்தபடி கக்கூசு இருந்தது. கதவு எந்தக் காலத்திலோ உக்கிப்போய், யாரோ ஒரு மழைக்கு அதை விறகாக்கியிருந்தார்கள். ஒரு பழைய படங்குச் சாக்குத் தொங்கியது. காற்றடித்தால் அதுவும் தூக்கும். அதனால் அந்த லயத்தில் ஒரு வழக்கம். உள்ளே இருப்பவர் பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் வருபவர் தூரத்திலேயே நின்றுவிடுவார், இல்லாவிட்டால் மேல் பாதையால் சுற்றிப் போவார். கங்காணி கோயில் பாட்டுப் பாடுவார். அம்மாக்கள் கொழுந்தெடுக்கும்போது பாடுவதைப் பாடுவார்கள். பிள்ளைகள் சினிமாப் பாட்டு. எனக்கு முழுதாகத் தெரிந்தது எங்கள் பாடசாலைக் கீதம் ஒன்றுதான். அதைப் பாடினேன். மேல் பாதையில் நின்ற சின்னதுகள் கையை ஒட்டி நிமிர்ந்து நின்றார்களாம்.

எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. யோகேஸுக்கு வேடிக்கையாக இல்லை. அவள் வயதுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. லயத்திலேயே நல்ல குரல் அவளுடையது, வில்வண்டிச் சலங்கை மாதிரி தூரத்துக்குக் கேட்கும். வில்லங்கமே அதுதான். அவள் முதல் வரியைப் பாடினால், தேயிலை பெக்டரி வளைவில் நிற்கும் இளவட்டங்கள் அடுத்த வரியைத் திருப்பிப் பாடுவார்கள். எந்த நேரம் போகிறாள், எத்தனை தரம் போகிறாள் என்று தோட்டத்துக்கே தெரியும். வாயை மூடிக்கொண்டால் யாராவது சாக்கைத் தூக்கிவிடுவார்கள். அதனால் அவள் பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் மயங்கி விழுந்திருக்கிறாள்.

“இப்பிடியே விழுந்துகிட்டு இருந்தா ஸ்கூலுக்குப் போக வேணாம்னு அம்மா சொல்லுது டீச்சர்” என்றாள்.

அடுத்த வகுப்பில், உங்களுக்கு வேண்டிய உரிமை ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். விளையாட மைதானம் என்றார்கள், டீவி என்றார்கள். யோகேஸ் எழுந்து, “பாடாம இருக்குற உரிம” என்றாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் படச் சுருளைப் பார்த்தேன். ‘கருத்துச் சொல்லும் உரிமை’ என்று வாய் திறந்த பிள்ளை ஒன்று அதில் இருந்தது. வாய் மூடிய பிள்ளை எங்கும் இல்லை. அலுவலகத்தில் கேட்டேன். அது அந்தரங்கத்துக்கான உரிமைக்குள் வரும் என்றார்கள். திரும்பி வந்து அந்தரங்கம் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்தெழும்பும் வீட்டில் அதை எங்கே வைத்து விளக்குவது?

அதற்குப் பிறகு நடந்ததை யோகேஸ் சொல்லித்தான் அறிந்தேன். ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில், கூடையோடு நின்ற அம்மாக்களுக்குப் பின்னால் பிள்ளைகளும் வரிசையாக நின்றிருக்கிறார்கள். எதைக் கேட்பதென்றாலும் அங்கேதான் கேட்பது, வேறிடம் அவர்களுக்குத் தெரியாது.

“ஸ்கூலுக்குப் போகாம இங்க என்னா வேல?” என்று கணக்கப்பிள்ளை அதட்டியிருக்கிறார்.

“உரிம கேக்க வந்தோங்க ஐயா.”

இன்றைக்குப் பேரை வெட்டி, சம்பளம் இல்லாமல் ஆக்கிவிடுவார்கள் என்று அம்மாக்கள் பயந்திருக்கிறார்கள். அந்த நேரம் ஜீப்பில் வந்த தோட்ட மேனேஜர் துரை என்ன ஏதென்று விசாரித்துவிட்டு, ஒரு கக்கூசுக் கதவுக்கா இவ்வளவு என்று சிரித்தாராம். போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கதவும் வந்தது. அடுத்த முறை நான் போனபோது எல்லாரும் ஒரே குரலில், “தொர ரொம்ப நல்லவரு டீச்சர், உரிம குடுத்துட்டாரு” என்றார்கள். நான் பதறிப்போய், உரிமையை யாரும் கொடுப்பதில்லை, அது பிறக்கும்போதே இருக்கிறது என்று தொடங்கினேன். முன்னால் நின்ற சின்னப் பெண் ஒன்று, “அப்ப கதவ யாரு குடுத்தா?” என்றது. அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே விளங்கவில்லை.

போதாக்குறைக்குக் கதவைப் பொருத்திய தச்சுவேலை பாஸ், கொண்டியை வெளிப்பக்கம் வைத்துப் பூட்டுப் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெக்டரி, ஸ்டோர், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா, வேலைக்குப் போகும்போது லயக்காம்பரா என்று அந்தத் தோட்டத்தில் அவர் போட்ட கதவெல்லாம் வெளியே நின்று பூட்டுகிற கதவுகள். உள்ளே இருக்கும் ஆளுக்காக ஒரு கதவு என்பதை அவர் யோசித்ததே இல்லை.

“உள்ளுக்குக் கொண்டி வெச்சா வெளிய நிக்கிறவங்க எப்பிடித் தொறக்கிறது?” என்று என்னிடம் கேட்டார்.

“தொறக்கக் கூடாதுன்னுதானே பாஸ்.”

அவர் கொண்டியை மாற்றாமலே சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பூட்டின் சாவி தலைவர் வீட்டில் தொங்கியது. சங்கத் தலைவர் என்பதால் அவர் வாசலில் எப்போதும் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். “மொதல்ல பாடணும், இப்ப சாவி கேக்கணும். பாட்டே பரவாயில்ல போல இருக்கு டீச்சர்” என்றாள் யோகேஸ். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது. இந்த முறை எதற்கு என்று தெரிந்திருந்தது.

பிறகு ஒருநாள் பார்க்கிறேன், கதவின் உள்பக்கம் ஒரு வளைந்த ஆணி. கதவு நிலையில் கொழுந்துக் கூடைக் கயிற்றுத் துண்டு ஒன்று. கயிற்றை ஆணியில் இழுத்துச் சுற்றினால் கதவு அசையாது. அடித்தவள் யோகேஸ்தான். பூட்டு அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. எப்படி என்று நான் விசாரிக்கவில்லை, தலைவரும் அதிகம் தேடவில்லை. அவள் தண்ணீர் குடித்தாள், பள்ளிக்கூடம் போனாள். துரை சிரித்தபோதா, கதவு வந்தபோதா, ஆணி அடித்தபோதா, எப்போது அவளுக்கு அந்த உரிமை வந்தது என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறக்கும்போதே இருந்தது என்று எழுதினால் மகளுக்குப் புள்ளி கிடைக்கும்.

போன வருடம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மண் சரியும் என்று சொல்லி லயத்தை உடைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. சனங்கள் மேலே தனி வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பாத்ரூம், பிளாஸ்டிக் கதவு, உள்பக்கம் கொண்டி. பாதையில் பாட்டுச் சத்தமே இல்லை. என் நிறுவனமும் எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

கீழே வரும் பஸ்ஸில், “டீச்சர்!” என்று ஒரு கை என் தோளைத் தொட்டது. யோகேஸ்தான். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறாளாம். கதவைத் தட்டி, பதில் வந்தால்தான் உள்ளே போவாளாம். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. உன் குரல் இன்னும் காதில் இருக்கிறது, இப்போதும் பாடுகிறாயா என்று கேட்டேன்.

“இல்லீங்க டீச்சர்.”

“யாராவது ஏதாவது சொல்றாங்களா?”

“சேச்சே, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. வாயத் தொறந்தா அந்தச் சாக்குதான் ஞாபகம் வருது. பிள்ளைக்குக்கூட போன்லதான் பாட்டுப் போட்டு விடுவேன்.”

“எவ்வளவு நல்ல குரல் யோகேஸ்.”

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். “அதான் அன்னைக்கே உரிம வாங்கிட்டேனே டீச்சர்.”

நானும் சிரித்தேன். பஸ் மாத்தளைக்கு வரும்வரை அவள் வேறு என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தாள், பிள்ளை எழும்பவே இல்லை.