பாஞ்சாலையின் வலது கை

வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு பாஞ்சாலை மேடையில் உட்கார்ந்திருந்தாள். பால் சங்கம் அவளுக்குப் பாராட்டு விழா எடுத்த நாள். செங்கத்திலிருந்து மலையேறி வரவேண்டிய சிறப்பு விருந்தினர் வந்து சேரவில்லை. அதுவரை சங்கச் செயலாளர் கோபால்சாமி மைக்கை விடுவதாக இல்லை.

"நாப்பது வருஷமா ஏழு ஊரு மாடுங்களுக்குப் பேறுகாலம் பாத்தவங்க! ஆயிரமாயிரம் கன்னுங்க!"

"மலையில அத்தினி மாடே இல்லியே, கோபாலு!" என்று முன்வரிசையிலிருந்து ஈஸ்வரி கத்த, கூட்டம் சிரித்தது.

பாஞ்சாலையும் சிரித்தாள். கல்யாணமாகி வந்த வருஷமே அவளுடைய ஒரே பசு, ஈன முடியாமல் கண்ணெதிரே செத்தது. அன்றிலிருந்து எந்த ஊரில் மாடு வலியெடுத்துக் கத்தினாலும் கிளம்பிவிடுவாள். கூலி வாங்கியதில்லை. கன்று பிழைத்தாலும் செத்தாலும் முதல் சீம்பாலில் ஒரு செம்பு அவள் வீட்டுக்கு வரும். அது ஏழு ஊருக்கும் வழக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாடு உதைத்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? அதற்குப் பிறகு ஈன்ற மாடுகளெல்லாம் தாமாகவே ஈன்றன. பக்கத்தில் நின்று தடவிக் கொடுத்தாலே போதுமாக இருந்தது.

கூட்டத்தின் கடைசியில் பக்கத்து ஊர் செல்லி நிற்பதை அப்போதுதான் பார்த்தாள். முழங்கை வரை ஈரம். பாஞ்சாலை மேடையை விட்டு இறங்கி ஓடினாள்.

"மாட்டுக்கு எப்ப வலி எடுத்துச்சிடி?"

"விடியக்காலமே. பனிக்குடம் ஒடஞ்சி ரொம்ப நேரமாச்சிக்கா. உனக்குன்னு ஒரு நாளு... எப்பிடிக் கூப்புடறதுன்னு நின்னுட்டேன்."

"டாக்டருக்குப் போன் போட்டியா?"

"நீ இருக்கசொல்ல டாக்டரு எதுக்கு?"

செல்லியின் கொட்டகையில் பசு படுத்துக் கிடந்தது. பாஞ்சாலை எண்ணெய் தடவி வலது கையை உள்ளே விட்டாள். முன்கால்கள் தட்டுப்பட்டன. தலை மட்டும் விலாப்பக்கம் திரும்பியிருந்தது. தாடையைப் பிடித்துத் திருப்பினால் போதும். எத்தனையோ தடவை செய்த வேலை. கன்றின் நாக்கு விரலில் பட்டு அசைந்தது. பிடித்தாள், வழுக்கியது. மறுபடி பிடித்தாள். விரல்கள் குச்சி குச்சியாக நின்றன. இடது கையை விட்டுப் பார்த்தாள். அதற்கு வழி தெரியவில்லை.

"டாக்டரக் கூப்புடு."

செல்லி விளையாட்டோ என்று பார்த்தாள்.

"கூப்புடுடி!"

ஒடுகத்தூரிலிருந்து மாட்டு டாக்டர் பைக்கில் மலையேறி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் நாக்கு அசைவதை நிறுத்தியிருந்தது. வெளியே எடுத்தபோது தெரிந்தது, கிடேரி, பெண் கன்று.

"காலையிலயே கூப்ட்டிருந்தா பொழச்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார். பசு தப்பியது.

மறுநாள் செல்லி சீம்பாலோடு வந்தாள், செம்பின் மேல் இலை மூடி.

"எனக்கு வேணாம் செல்லி. இந்தக் கை மடங்கறதில்ல, ரெண்டு வருஷமாவே. உங்ககிட்டல்லாம் மறைச்சிட்டேன்."

"சும்மா கெட, அக்கா. ஒரு கன்னு போனதுக்கா இந்தப் பேச்சு? உன் கைக்கு இன்னா கொறச்சல்?" செல்லி அந்தக் கையிலேயே செம்பை வைத்தாள். "அடுத்த மாசம் வீரன் மாடு ஈனுதாம். நீதான் வரணுமின்னு சொல்லச் சொன்னான்."

செம்பு நழுவியது. பாஞ்சாலை இடது கையால் தாங்கிக்கொண்டாள்.

"டாக்டரு நம்பர அவன்கிட்ட குடுடி" என்றாள்.

செல்லி சிரித்துக்கொண்டே வாசல் படலைத் தாண்டிப் போய்விட்டாள்.