அர்த்தம் கேட்ட ரேவதி அக்கா

செய்தி வந்தபோது ஆலையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே வரி: 'கரியாலூர் நர்ஸ் ரேவதி அக்கா காலையில் காலமானார்.' அதன்கீழ் வரிசையாகக் கூப்பிய கைகள். எனக்குக் கோபம்தான் வந்தது. கைப் படம் போடத் தெரிந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எழுதத் தெரியாதா? போன் போட்டுக் கேட்டேன். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மோட்டாரைப் பூட்டியபின் பார்த்தால் ஒரு வாஷர் தரையில் கிடந்தது. மறுபடி பிரித்தேன்.

அக்காவோடு ஆடியவர்களுக்கு எல்லாம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிறுதோறும் கள்ளக்குறிச்சியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நாங்கள் ஆடுவது, ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கோக்கும் ஆட்டம். அக்கா மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து பஸ் பிடித்து வருவார்.

நான் முதலில் போனபோது பெரிய திமிரோடுதான் போனேன். செல்லுபடியாகும் சொற்களை வரிசைப்படுத்த ஒரு புரோகிராம் எழுதி, அதை வைத்து மனப்பாடம் செய்திருந்தேன். எதிரே அக்கா. 'ஸோ' என்று Z, O இரண்டே எழுத்தில் ஒன்றை வைத்தேன்.

"வச்சிட்ட. அர்த்தம் இன்னா?"

"லிஸ்ட்ல இருக்குதுக்கா."

"லிஸ்ட்ல இருக்கறவன் எல்லாம் உனுக்கு மாமனா மச்சானா? யாருன்னு தெரியாம வூட்டுக்குள்ள வுட்டுடுவியா?"

அர்த்தம் சொல்லாவிட்டால் கட்டையைத் திரும்ப எடுக்க வேண்டும், முறையும் போய்விடும். இப்படி ஒரு விதி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எங்கள் மாடியில் மட்டும்தான், அதுவும் அக்கா வைத்தது. கட்டையை எடுத்துக்கொண்டேன். "இமயமலை யாக்கும் பசுவும் சேந்து பொறந்த மாடுடா அது. நம்ம மலைக்கு ஓட்டியாந்தா நல்லா மேயும்," என்றார். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தவன்; அன்றிலிருந்து என் பெயரே 'டிப்ளமா'.

ஒருமுறை சேலம் போட்டிக்குப் பயிற்சி எடுக்க அழைப்பதற்காக பைக்கில் கரியாலூர் போனேன். சுகாதார நிலையத்தில் தாய்மார்கள் கூட்டம். குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். வயிறு சத்தம் போட்டது, கூட்டத்துக்கே கேட்டது. "இந்தச் சத்தத்துக்கு இங்கிலீஷ்ல போர்பரிக்மஸ்னு பேரு," என்று அக்கா எல்லோருக்கும் அறிவித்தார். "டிப்ளமா, உள்ள களி இருக்குது, போய்த் துன்னு. அதுக்கு வாய அடைக்கணும்."

கை ஓய்ந்தபின், விதியை விட்டுவிடலாம் என்று வாதாடினேன். சேலத்தில் யாரும் அர்த்தம் கேட்கமாட்டார்கள் என்றேன். காலி மருந்துப் புட்டியைத் தூக்கிக் காட்டினார். "லேபிள்ல பேரு இருக்குதுன்னு குத்திடறதா? இன்னாத்துக்குன்னு தெரிஞ்சாதான் என் கை போவும்."

சேலத்தில் எங்கள் அணி ஜெயித்தால் சென்னையில் மாநிலப் போட்டி. எனக்கு அதைவிடப் பெரிய ஆசை அப்போது எதுவும் இல்லை. சின்னசேலத்தில் ரயில் ஏறியதிலிருந்து வெறும் உயிரெழுத்துகளால் ஆன சொற்களாக வாசித்துக்காட்டினேன். E, U, O, I என்று நான்கு எழுத்தில் 'யுவாய்' வந்ததும், "அப்டின்னா?" என்றார். எனக்கும் தெரியாது. "அப்புறம் பாத்துக்கலாம்க்கா," என்றேன்.

கடைசி ஆட்டம் அக்காவுடையது. அவர் கையில் மீந்தவை நான்கே கட்டைகள், 'யுவாய்' சொல்லின் அதே நான்கு எழுத்துகள். பலகையில் இடமும் இருந்தது. இறக்கினால் ஆட்டம் முடியும், சென்னை எங்களுக்கு. நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நான்கையும் ஒழுங்காக அடுக்கிப் பார்த்தார். பிறகு கலைத்து, இரண்டை மட்டும் வைத்தார். எதிராளி தன் கட்டைகளை எல்லாம் இறக்கி முடித்துவிட்டான்.

பிளாட்பாரத்தில் கத்தினேன். "ஏன்க்கா போடல? ஞாபகம் இல்லியா?"

"ஞாபகம் நல்லா இருந்துச்சு."

"போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்!"

"லிஸ்ட்டு ஜெயிச்சிருக்கும். நான் இன்னா, அதுக்கு எடுபிடியா?"

அவருக்கும் சென்னை போக ஆசை இருந்தது. லீவு கேட்டு வாங்கி வைத்திருந்தார். அன்று அவர் செய்தது தப்பு என்று இன்றும் சொல்வேன். இறந்துவிட்டார் என்பதற்காக மாற்றிச் சொல்லமாட்டேன்.

அடுத்த ஞாயிறு மாடிக்கு வந்ததும் வராததுமாக 'யுவாய்' என்று தொண்டை கிழியக் கூவினார். கீழே டீக்கடைக்காரர் பதறி மேலே ஓடிவந்தார். "ஒண்ணும் இல்லண்ணே. அந்தக் காலத்துல கிரேக்க நாட்டுல குடிச்சிட்டு சாமியாடறவங்க போடற கூச்சலு. இப்பதான் தெரிஞ்சிக்கினேன்." சென்னையை நழுவவிட்டவரின் முகமாக அது இல்லை.

போன வாரம் சேலத்தில் அக்காவின் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். கடைசி ஆட்டத்தில் 'கனாட்' என்று வைத்தேன். அர்த்தம் தெரியாது. தெரியாமலேதான் வைத்தேன். ஜெயித்தோம். சென்னை உறுதி.

திரும்பும் ரயிலில் எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். என்னால் உட்கார முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. வாசலுக்கும் சீட்டுக்குமாக நடந்தேன். சின்னசேலத்தில் இறங்கிய பிறகுதான் 'கனாட்'டுக்கு அர்த்தம் கிடைத்தது: மலையடிவாரத்துத் தண்ணீரை மண்ணுக்கடியிலேயே ஊருக்குக் கொண்டுவரும் சுரங்கக் கால்வாய். உடன் வந்தவர்களிடம் சொன்னேன். "அதான் ஜெயிச்சாச்சே, வுடுப்பா," என்று பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

ஜெயித்துவிட்டும் சும்மா இருக்கவிடாத இந்தக் கோளாறுதான் அக்கா எனக்கு விட்டுப்போனது. இதை ரிப்பேர் செய்யும் உத்தேசம் எனக்கு இல்லை.